பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வரை

(ஒரகடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெரும்பாலும் தொழிற்சாலைப் பெண்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுச் சரியாகத் தூங்காமல் வந்திருப்பவர்கள் பின்வரிசையில் இருப்பது தெரிகிறது. கண் சொக்கினால் தூங்குங்கள். நான் தவறாக நினைக்க மாட்டேன்.

மூன்று மாதம் முன்பு சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தில் யாரோ தவறவிட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று சாலைப் பக்கம் உருண்டு போனது. கழுத்தில் அடையாள அட்டை போட்டிருந்த ஒரு பெண், குனியவில்லை. வலது காலின் உட்பக்கத்தை வைத்து, பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். பாட்டில் துள்ளாமல் அங்கேயே நின்றது. நான் முப்பத்தோரு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். வருகிற பந்தின் வேகத்தைக் காலில் வாங்கிக்கொள்ளும் அந்த வித்தை தானாக வராது. யாரோ ஒருவர் விடியற்காலையில் மைதானத்தில் நின்று ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"எந்தப் பொசிஷன்மா?" என்றேன்.

திடுக்கிட்டுப் பார்த்தாள். "லெஃப்ட் பேக் மேடம். டிஸ்ட்ரிக்ட் ஆடியிருக்கேன்."

"இப்போ?"

"இப்போ எங்க மேடம்..." என்பதற்குள் அவள் ஏற வேண்டிய வண்டி வந்துவிட்டது.

பெண் கால்பந்து வீராங்கனையின் தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். கோப்பைகளையும் கோல்களையும் எண்ணிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் குறிப்பெடுத்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு குறிப்பை மாற்றிக்கொண்டேன்.

கால்பந்து ஆடும் பெண்ணின் உடம்பு உச்சத்தில் இருக்கிற காலம், பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு, முப்பது வரை. இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிற ஆலைகளுக்கு லைனில் நிற்கத் தேவைப்படுவதும் அதே வயதுப் பெண்கள்தான். கல்யாணப் பேச்சும் அந்த வயதில்தான் வரும். கம்பெனியும் கால்பந்தும் வீடும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஒரே பத்து வருஷத்தைக் கேட்கின்றன. அந்தப் பத்து வருஷம் யாரிடம் போகிறது என்பதுதான் அவளுடைய தொழில் வாழ்க்கை.

நம் மாநிலத்தில் இதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் இந்துமதி கதிரேசன். கடலூர்ப் பெண். நடுக்களத்தில் ஆடுபவர். 2004 டிசம்பரில் சுனாமி அடித்த மாவட்டம் கடலூர். அதற்குப் பிறகான ஆண்டுகளில் பயிற்சியாளர் மாரியப்பன் அங்கே ஏழைப் பெண் குழந்தைகளைச் சேர்த்து, படிக்கவும் பந்து விளையாடவும் வைத்தார். சின்ன ஊர், சாதாரண மைதானம். ஆனால் இந்திய அணியின் பட்டியலில் கடலூர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது அந்த முயற்சியால்தான். ஓர் ஊருக்கு ஒரு பிடிவாதமான வாத்தியார் போதும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

2017 ஜனவரி 4-ஆம் தேதி சிலிகுரியில் தெற்காசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். இந்தியாவும் வங்கதேசமும். இந்தியா 3-1 என்று ஜெயித்தது. மூன்றாவது கோல் இந்துமதியுடையது. மறு வருஷம், 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் இறுதியாட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகக் கோப்பையை எடுத்தார்கள். மணிப்பூர் என்றால் என்ன என்று கால்பந்து தெரிந்தவர்களுக்குப் புரியும். பெண்கள் கால்பந்தைப் பல வருஷம் தன் வீட்டுச் சொத்தாக வைத்திருந்த மாநிலம் அது. 2019 மே மாதம் லூதியானாவில் நம் மாநிலத்துக் கிளப்பான சேது எஃப்.சி. இந்தியன் விமன்ஸ் லீக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் எதிரே மணிப்பூர் போலீஸ், 3-1. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு இரண்டாவது தேசியக் கோப்பையையும் எடுத்தது.

இவ்வளவு கேட்டால் பெரிய தொழில் வாழ்க்கை என்று தோன்றும். ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். சேது எஃப்.சி. சாம்பியன் ஆன அந்த லீக்கின் இறுதிச் சுற்று முழுவதும் ஒரே ஊரில், மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. நாட்டின் மிகப் பெரிய பெண்கள் போட்டியே அப்போது இந்த அளவுதான். வருஷத்தில் மீதி நாட்களுக்கு அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? சம்பளம் யார் தருவார்கள்? வாடகை எப்படிக் கட்டுவார்கள்? 2020 பிப்ரவரியில் ஒரு லீக் முடிந்தது. கொரோனா வந்தது. அடுத்த லீக் தொடங்கியது 2022 ஏப்ரலில். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் லீக் ஆட்டமே இல்லை. பத்து வருஷத் தொழிலில் இரண்டு வருஷம் போனால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

இந்துமதி அந்த ஊரடங்கில் என்ன செய்தார்? சென்னையில் காக்கிச் சட்டையோடு தெருவில் நின்று காவல் பார்த்தார். அப்போது அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். செய்தித்தாள்கள் அப்போது அதை ஒரு வீரக்கதையாக எழுதின. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தப் படத்தில் தெரிந்தது அவர் தோளிலிருந்த நட்சத்திரங்கள். மாதம் முதல் தேதி வரும் சம்பளம், பென்ஷன் கணக்கு, கால் உடைந்தாலும் போகாத வேலை. இந்தியாவில் ஒரு பெண் இருபத்தைந்து வயதைத் தாண்டியும் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கிறாள் என்றால், பெரும்பாலும் அவள் பின்னால் போலீஸோ ரயில்வேயோ ஏதோ ஒரு வேலை இருக்கும். கிளப்பில் கிடைக்கிற பணம் மட்டும் அவளைத் தாங்கியிருக்காது.

2022 ஜனவரியில் பெண்கள் ஆசியக் கோப்பை இந்தியாவில் தொடங்கியது. சொந்த மண். இந்திய அணியில் நம் பெண்கள் இந்துமதி, சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன் போன்றவர்கள் இருந்தார்கள். முதல் ஆட்டம் ஈரானோடு, கோல் இல்லாமல் டிரா. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் அணிக்குள் கொரோனா பரவி, குறைந்தபட்சம் தேவையான பதின்மூன்று பேரைக் கூடத் திரட்ட முடியாமல் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. அந்தச் செய்தி வந்த ராத்திரி நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒரு பெண் பத்து வயதிலிருந்து ஓடியது அந்த ஒரு வாரத்துக்காக.

அதற்கு மருந்து போல 2025 ஜூலை 5-ஆம் தேதி வந்தது. சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து உள்ளே போனது அதுதான் முதல் முறை. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடித்தது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஈராக்கை 5-0 என்று அடித்தபோது ஒரு கோல் நம் கார்த்திகா அங்கமுத்துவுடையது.

பணத்துக்கு வருகிறேன். சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. 2023-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது வருஷம் 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும் என்று அறிவித்தது. மாதக் கணக்கில் 26,000 ரூபாய் சொச்சம். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து ஓவர்டைமையும் சேர்த்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. அதுவும் ஒரு மாநிலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய பெண்களுக்குத்தான் கிடைக்கும். வெளிநாட்டில் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் பெண்கள் கிளப்புகளை ஆராய்ந்து ஃபிஃபா 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், வீராங்கனையின் சராசரி ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 10,900 டாலர் என்று இருக்கிறது. பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர்ந்தார். மனிஷா கல்யாண் 2022-இல் சைப்ரஸ் கிளப்புக்காக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடினார். இவர்கள் வழி திறந்தவர்கள். ஆனால் அந்த வழியில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் போக முடியும்?

இப்போது உங்களை நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆலை ஊருக்கு அழைத்துப் போகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்று ஓர் ஊர். அங்கே டிக், கெர் என்ற கம்பெனி. டிராம் வண்டியும் ரயில் இன்ஜினும் செய்துகொண்டிருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஆண்கள் பட்டாளத்துக்குப் போனார்கள், ஆலை வெடிகுண்டு செய்ய ஆரம்பித்தது, இளம்பெண்கள் வேலைக்கு வந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்து உதைத்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று, காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்ட, டீப்டேல் மைதானத்தில் ஓர் ஆட்டம் வைத்தார்கள். எதிரணியும் இன்னொரு ஆலையின் பெண்கள்தான். பத்தாயிரம் பேர் வந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1920 டிசம்பர் இறுதியில், லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அதே டிக், கெர் பெண்கள் ஆடியபோது உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வாசலோடு திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில்.

அந்த அணியில் லில்லி பார் என்று ஒரு பெண். ஆறடிக்குப் பக்கமான உயரம், பேய் மாதிரி இடது கால். பதினைந்து வயது கூட முழுசாக ஆகாதபோது அவளை அணிக்கு எடுத்தார்கள். எப்படி எடுத்தார்கள் தெரியுமா? ஆலையில் வேலை தருகிறோம், ஆட்டத்துக்கு ஆட்டம் பத்து ஷில்லிங் படியும் தருகிறோம் என்று. வேலையும் பந்தும் ஒரே கையிலிருந்து வந்தன.

அடுத்த வருஷம், 1921 டிசம்பர் 5-ஆம் தேதி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் திறக்கக் கூடாது என்று தடை போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்றார்கள். 53,000 பேர் பார்த்த ஆட்டம்! தடை நீங்கக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆனது. லில்லி பார் ஆடுவதை நிறுத்தவில்லை. ஒரு மனநல மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த திடல்களில் ஆடினாள். அந்தப் பெண்களைப் பந்து கைவிடவில்லை, ரசிகர்கள் கைவிடவில்லை. மைதானத்துக் கதவைத்தான் பூட்டினார்கள். இதை மறக்காதீர்கள், திரும்ப இதற்கு வருவேன்.

இப்போது கிழக்கே பாருங்கள். ஜப்பானில் 1989-இல் பெண்கள் லீக் ஆரம்பித்தபோது ஆறு அணிகள். அதில் ஒன்று நிசான் கம்பெனியின் பெண்கள் அணி. ஆமாம், இதோ ஒரகடத்தில் செய்கிற கார்களில் இருக்கிறதே, அதே பெயர். அது 1993-இல் கலைக்கப்பட்டது. கம்பெனி கையில் இருக்கிற அணிக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஃபுகுஷிமாவில் டெப்கோ என்ற மின்சாரக் கம்பெனிக்கு ஓர் அணி இருந்தது. ஆட்டக்காரிகள் பகலில் அந்தக் கம்பெனியின் அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பார்கள், பிறகு பயிற்சிக்குப் போவார்கள். கரினா மருயாமா அப்படி வேலை பார்த்தவர். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் அந்த நிலையத்தை நாசம் செய்தன. அணி போட்டிகளிலிருந்து விலகியது. அதே வருஷம் ஜூலையில், ஜெர்மனி மண்ணில், உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு கோல் விழுந்தது. அடித்தது மருயாமா. ஜப்பான் அந்தக் கோப்பையையே வென்றது. ஆலையின் கதவு வழியாக உலகக் கோப்பைக்குப் போன பெண் அவர்.

தென்கொரியாவில் இஞ்சியோன் நகரத்தில் ஹூண்டாய் ஸ்டீல் ரெட் ஏஞ்சல்ஸ் என்று ஓர் அணி. 2013 முதல் 2023 வரை, தொடர்ந்து பதினொரு வருஷம் அந்நாட்டுப் பெண்கள் லீக்கின் சாம்பியன். ஹூண்டாய் என்ற பெயரை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் அடிக்கல் நாட்டி, 1998-இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்ததிலிருந்து அந்தப் பெயர் இந்த வட்டாரத்துக் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். அங்கே அந்தப் பெயரை ஜெர்சியில் போட்டுக்கொண்டு பெண்கள் பந்து ஆடுகிறார்கள்.

நான் எந்தக் கம்பெனியையும் குறை சொல்ல வரவில்லை. கேட்க வந்திருக்கிறேன். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய் செலவில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அவர்களில் எத்தனை பேர் பள்ளியில் ஆடியவர்கள்? விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர், தர்மபுரி, நாகை என்று பெண்கள் பந்து ஆடும் மாவட்டங்களிலிருந்துதான் இந்தப் பஸ்கள் நிரம்புகின்றன. அந்த லெஃப்ட் பேக் தனி ஆள் இல்லை. இப்போது இந்த அரங்கிலேயே கை தூக்கச் சொன்னால் ஒரு அணிக்கு மேல் தேறும்.

பள்ளியில், கல்லூரியில் ஆடப் போனால் ஓ.டி. கொடுப்பார்கள். ஆன் டியூட்டி. வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு, ஆடுவதும் கடமையே என்று பொருள். இங்கே வந்த பிறகு ஓ.டி. என்றால் ஓவர்டைம். இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒரு பெண்ணின் பந்து எங்கே போயிற்று என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். என் சொந்தக் கதையும் அதுதான். மாவட்ட அணியில் ஆடினேன். ஒரு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று கூப்பிட்டார்கள், போனேன், பெண்கள் அணி வேண்டாம் என்று கடைசியில் முடிவாகிவிட்டது. இருபத்துமூன்று வயதில் பூட்ஸைக் கழற்றினேன். டீச்சர் வேலை கிடைத்ததால் மைதானத்தோரம் நிற்கவாவது முடிந்தது. அது என் அதிர்ஷ்டம்.

காவல்துறை இந்துமதிக்குச் செய்ததை ஒரு தொழிற்சாலை ஏன் செய்யக் கூடாது? மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் கால்பந்துப் பெண்கள் எத்தனை பேர் நுழைய முடியும்? இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் வேலை இருக்கிறது. ஆடத் தெரிந்த பெண்ணுக்குக் காலை ஷிஃப்ட் நிலையாக இருந்தால் மாலை நான்கு மணிக்குமேல் அவள் பயிற்சிக்கு வர முடியும். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறினால் உடம்பு தூக்கத்துக்கே ஏங்கும், பந்துக்கு ஏங்காது. மாநில முகாமுக்குக் கூப்பிட்டால் சம்பளம் பிடிக்காமல் விட வேண்டும், திரும்பி வரும்போது அதே வேலை இருக்க வேண்டும். காண்ட்ராக்ட்டில் இருக்கிற பெண்ணுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் உயிர்.

காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம். அறுவைசிகிச்சை முடிந்து களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். சில மாத ஒப்பந்தத்தில் ஆடும் பெண் அந்த ஒன்பது மாதத்தை எங்கே போய்க் கழிப்பாள்? உங்களில் பலரிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. பேறுகால விடுப்பு சட்டப்படி 26 வாரம். ஃபிஃபா வீராங்கனைகளுக்கு 14 வாரம் பேறுகால விடுப்பைக் கட்டாயமாக்கியதே 2021-இல்தான். ஆலை வேலையில் ஆயிரம் குறை உண்டு, ஆனால் விளையாட்டில் இல்லாத சில பாதுகாப்புகள் அங்கே எழுத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஒரு பெண்ணுக்கு முப்பது வயது வரை ஆட முடியும் என்பது என் நம்பிக்கை.

இதையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கேட்க உங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் பலர் நோய்ப்பட்ட பிறகு, பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க இந்த வட்டாரத்து ஆலைப் பெண்கள் உட்கார்ந்தார்கள். நாடே பார்த்தது. ஒருத்தி எழுந்தபோது பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் கற்றுக்கொடுக்க முயன்றது அதைத்தான்.

பிரெஸ்டன் கதைக்கு வருகிறேன் என்று சொன்னேன். அங்கே பூட்டியது மைதானம். இங்கே நமக்கு முதலில் வேண்டியதும் மைதானம். விடுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், விளக்கு போட்ட, சுற்றிலும் வேலி போட்ட ஒரு திடல். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண் தனியாகப் போய்த் திரும்பக்கூடிய இடம். பெரிய ஸ்டேடியம் வேண்டாம். கோல் போஸ்ட்டும், துணி மாற்ற ஓர் அறையும், கழிப்பறையும் இருந்தால் போதும். கம்பெனிகளுக்குள் ஆண்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், கோப்பை கொடுக்கிறார்கள், போட்டோ வருகிறது. பெண்களுக்கு ஆளுக்கொரு அணி வைத்து, ஒரகடம் ஒரு பக்கம், சுங்குவார்சத்திரம் ஒரு பக்கம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட விட்டால், அந்த லீக்கைப் பார்க்கச் சேது எஃப்.சி. மாதிரி கிளப்புகளின் ஆட்கள் தாங்களாகவே வருவார்கள். ஆள் தேடி ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு சாலையிலேயே எத்தனை பேர்!

இது நடக்க நாளாகும். அதுவரை காத்திருக்க உங்களுக்கு வயதில்லை. அதனால் நாங்கள் சில டீச்சர்கள் சேர்ந்து ஒரு பள்ளி மைதானத்தை ஞாயிறு மாலைகளுக்குக் கேட்டு வாங்கியிருக்கிறோம். நான்கு மணிக்கு ஆரம்பம், ஆறரைக்கு முடித்து உங்களை விடுதி வாசல் வரை கொண்டுவந்து விடுவோம். பூட்ஸ் இல்லாவிட்டாலும் வாருங்கள். அந்த லெஃப்ட் பேக் பெண்ணை அதே பஸ் ஸ்டாப்பில் தேடிப் பிடித்துவிட்டேன். போன இரண்டு வாரமாக வருகிறாள். மூச்சு வாங்குகிறது, ஆனால் கால் மறக்கவில்லை. ஆடினவர்கள் யாராக இருந்தாலும் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வந்து பெயரையும் எந்த ஷிஃப்ட் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். கோல் கீப்பர் யாராவது இருந்தால் முதலில் வாருங்கள், இதுவரை எங்களுக்கு ஒருத்தி கூடக் கிடைக்கவில்லை.